சொல்லடி பட்டால்...

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "தம்பி, வேலை வாய்ப்பைப் பற்றிப் பேச நிறைய ஆள் இருக்காங்க. நீ வாழ்க்கைக்கு உதவுற மாதிரி ஏதாவது பேசு" என்றார். யோசித்துப் பார்த்தேன். நம்மோடு படித்தவர்களில் நல்லா வந்திருக்க வேண்டிய சிலர் பாதியிலேயே ஒதுங்கிப் போனார்கள். ஏன் என்று கேட்டால், பெரும்பாலும் யாரோ சொன்ன ஒரு வார்த்தையில்தான் வந்து நிற்கும். மேலதிகாரி சொன்னது, மாமனார் வீட்டில் சொன்னது, கூடப் பிறந்தவன் சொன்னது. தீக்காயம் ஆறிவிடும், நாக்குச் சுட்டது ஆறாது என்று வள்ளுவர் சொன்னதைப் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் பண்ணினோம். ஆறாத காயத்தை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்று யாரும் பாடம் நடத்தவில்லை. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

நான் ஒரு கிறிஸ்தவன். எனக்குத் தெரிந்த மருந்து வேதாகமத்தில் இருக்கிறது. அதிலிருந்தே சொல்கிறேன். இங்கே எல்லா மதத்தவரும் இருக்கிறீர்கள். மருந்து எந்தக் கடையில் வாங்கியது என்று பார்க்க வேண்டாம், காயம் ஆறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

முதலில் எனக்குப் பழக்கமான தொழிலிலிருந்து ஒன்று. நான் பசுவந்தனைக்காரன். எங்கள் ஊர்க் கரிசல் உங்களுக்குத் தெரியும். ஐப்பசி மழை விழுந்தால் உப்பிக்கொண்டு வரும். சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்து, கை நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடக்கும். உளுந்துக்கும் பருத்திக்கும் நல்ல மண். வீடு கட்டுகிறவனுக்குப் பெரிய சோதனை. இந்த மண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்கிற ஒரு வகைக் களிமண் இருக்கிறது. அது தண்ணீரைக் குடித்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். இரண்டடி அஸ்திவாரத்தில் சுவர் எழுப்பினால், ஒவ்வொரு மழைக்கும் சுவர் தூக்கப்படும், ஒவ்வொரு கோடைக்கும் இறங்கும். சன்னல் மூலையில் சாய்வாக விரிசல் விழும். பூசி மறைத்தாலும் அடுத்த வருஷம் அதே இடத்தில் வந்து நிற்கும்.

இதற்கு என்ன வழி? மழையை நிறுத்த முடியாது, மண்ணை மாற்றுவதும் லேசில்லை. ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்தார், அடியில் குமிழ் போல அகன்ற பைல் அஸ்திவாரத்தை இந்த மாதிரி மண்ணுக்கென்றே உருவாக்கித் தந்தார்கள். சுமார் 3.5 மீட்டர் ஆழம், அதாவது பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறாத ஆழம் வரை அது போகும். மேல்மண் வீங்கட்டும், வெடிக்கட்டும், கட்டடம் கீழே கால் ஊன்றி நிற்கும்.

மற்றவர்கள் சொல் இந்த மேல்மண் மாதிரி. புகழ்ந்தால் உப்புகிறோம், இகழ்ந்தால் வெடிக்கிறோம். நம் மதிப்பை அந்த இரண்டடியிலேயே கட்டியிருந்தால் ஆயுள் முழுக்க விரிசல்தான். தேவன் தம் சாயலில் என்னைப் படைத்தார், எனக்காகத் தம் குமாரனையே கொடுத்தார் என்பது கிறிஸ்தவனுக்கு ஈரம் மாறாத ஆழம். யார் என்ன சொன்னாலும் அந்த மதிப்பு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

"சரி அண்ணே, அஸ்திவாரம் இருந்தாலும் அடி வலிக்கத்தானே செய்யும்?" என்று கேட்பீர்கள். நிச்சயமாக வலிக்கும். வலித்தால் என்ன செய்வது? "பொறுத்துப் போ" என்பதுதான் நமக்கு உடனே கிடைக்கிற அறிவுரை. அது போதாது என்பதற்கு வேதாகமத்திலேயே ஒரு சம்பவம் இருக்கிறது.

தாவீது ராஜா, மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடுகிறார். வழியில் சீமேயி என்ற ஒருவன் கல்லையும் மண்ணையும் எறிந்து, வாய்க்கு வந்தபடி தூஷிக்கிறான். கூட இருந்த அபிசாய், "இவன் தலையை எடுத்துவிடட்டுமா?" என்று கேட்கிறான். தாவீது தடுத்துவிடுகிறார். இரண்டாம் சாமுவேல் 16ஆம் அதிகாரம். எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருப்போம். அதோடு நிறுத்திவிடுவார்கள். முதலாம் இராஜாக்கள் 2ஆம் அதிகாரத்தையும் படியுங்கள். வருஷங்கள் கழித்துச் சாகும் படுக்கையில், மகன் சாலொமோனிடம் அதே சீமேயியைச் சும்மா விடாதே என்கிறார் தாவீது! வழியில் பொறுத்துக்கொண்டார், பிறகு மன்னிப்பதாக ஆணையும் இட்டார். ஆனாலும் அந்தச் சொல் மரணப் படுக்கை வரை உள்ளேயே இருந்திருக்கிறது. பொறுத்தது வேறு, ஆறினது வேறு. விழுங்கிவிட்ட சொல் செரித்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

அப்படியானால் இயேசு என்ன செய்தார்? மௌனமாக இருந்தார் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஏரோதின் முன் மௌனமாகத்தான் இருந்தார். ஏரோது அற்புதம் பார்க்க ஆசைப்பட்டவன், அவனுக்கு வேடிக்கை வேண்டியிருந்தது. அவனுக்கு ஒரு பதிலும் கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய இரவில், பிரதான ஆசாரியன் வீட்டு விசாரணையில் ஒரு சேவகன் அவரை அறைந்தான். அங்கே இயேசு பேசினார். நான் சொன்னது தப்பென்றால் அந்தத் தப்பை எடுத்துக் காட்டு, சரியென்றால் ஏன் அடிக்கிறாய் என்ற பொருளில் கேட்டார். யோவான் 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவர் திருப்பி அடிக்கவில்லை, திட்டவில்லை. வாயை மூடிக்கொண்டு அடங்கிப் போகவும் இல்லை. நேருக்கு நேர் நின்று உண்மையைக் கேட்டார்.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். சுடுசொல் வந்தால் திருப்பி எறியாதீர்கள், உள்ளே புதைக்கவும் செய்யாதீர்கள். "இது உண்மையா?" என்று கேளுங்கள். முதலில் உங்களிடம், பிறகு சொன்னவரிடம்.

இதை ஒரு சமுதாயமே செய்து காட்டிய வரலாறு நம் பக்கத்திலேயே இருக்கிறது. நமக்குத் தெற்கே, தேரிக்காட்டில் இடையன்குடி. 1841இல் அங்கே ஊழியத்துக்கு வந்தவர் ராபர்ட் கால்டுவெல். 1856இல் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தமிழின் தனித்தன்மையை உலகுக்குச் சொன்னது. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினா கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அதே கால்டுவெல் 1849இல் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். பனையேறி வாழ்ந்த, இன்று நாடார் என்று நாம் அறிகிற மக்களைப் பற்றிய நூல். அவருடைய சபையில் நிறைந்திருந்தவர்களும் அவர்கள்தான். மிஷன் வேலையைச் சீமையில் உள்ளவர்களுக்கு விளக்க எழுதப்பட்டது. அதில் அந்த மக்களின் பூர்வீகத்தையும் அறிவுத் திறனையும் தாழ்த்தி எழுதிவிட்டார். அந்த வாசகங்களை நான் இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை.

நினைத்துப் பாருங்கள். சுவிசேஷம் சொன்னவர், பள்ளிக்கூடம் வைத்தவர், ஞாயிறுதோறும் முகம் பார்த்துப் பிரசங்கம் செய்தவர். அவர் கையாலேயே இப்படி எழுதியிருக்கிறது. எதிரி சொன்னால் தாங்கிக்கொள்ளலாம். இதை எப்படித் தாங்குவது?

மிஷனில் உபதேசியாராக இருந்த அருமைநாயகம் என்கிற சட்டாம்பிள்ளை, வெள்ளைக்கார மிஷனரிகளோடு பலவிதத்தில் முறிந்து, 1857இல் பிரகாசபுரத்தில் இந்துக் கிறிஸ்தவ சபை என்று தனிச் சபையே தொடங்கினார். அந்த நூல் தந்த புண்ணும் அதற்கு ஒரு காரணம். வெள்ளைக்காரர் தயவை விட்டாரே தவிரக் கிறிஸ்துவை விடவில்லை. பின்னர் 1880களில், ஆங்கிலம் படித்து வந்த தலைமுறை அந்த நூலை எதிர்த்துக் கிளம்பியது. மனுக்கள் போட்டார்கள், மறுப்பு நூல்கள் அச்சடித்தார்கள். "நீர் எழுதியது உண்மையா, ஆதாரம் காட்டும்" என்பதுதான் அவர்கள் கேட்டதின் சாரம். கடைசியில் கால்டுவெல் அந்த நூலைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டார்.

விருதுநகரில் 1889இல் சத்திரிய வித்யாசாலா தொடங்கினார்கள். வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்து வளர்த்த பள்ளி அது. காமராஜர் அங்கே படித்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். அறிவு குறைந்தவர்கள் என்று எழுதப்பட்ட மக்கள் பள்ளிக்கூடம் கட்டிப் பதில் சொன்னார்கள். 1921இல் அரசுப் பதிவுகளிலும் நாடார் என்ற பெயர் ஏறியது. கால்டுவெல் 30 வருஷத்துக்கு மேல் பாடுபட்டு, 1880இல் திறந்த இடையன்குடி ஆலயத்தில் இன்றைக்கும் அந்த மக்களின் பேரப்பிள்ளைகள்தான் ஆராதிக்கிறார்கள். அவருடைய கல்லறையும் அங்கேயே இருக்கிறது. சொல்லை மறுத்தார்கள், மனுஷனைத் தள்ளவில்லை. நல்லது செய்தவரே தப்பாகவும் பேசலாம், இரண்டும் உண்மை, இரண்டையும் மறைக்க வேண்டாம் என்கிற பக்குவம் அது.

நான் ஒரு சாதிக்குப் பெருமை பேச வரவில்லை. இதே கரிசல் காட்டில், இதைவிடக் கொடிய சொல்லை டீக்கடையிலும் பஸ்ஸிலும் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிற மக்கள் இருக்கிறார்கள். சொல்கிறவர்களில் ஒரு காலத்தில் சொல்லடி பட்டவர்களின் வாரிசுகளும் உண்டு. பட்டவனுக்குத்தான் வலி தெரியும் என்பார்கள். தெரிந்தும் பேசினால் என்ன சொல்வது? சபைக்குள்ளும் இது இருக்கிறது என்பதை ஒரு கிறிஸ்தவனாக வெட்கத்தோடு சொல்கிறேன்.

மாணவர்களுக்காக என் அனுபவம் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். கம்பெனி பேர் வேண்டாம். சைட் மீட்டிங்கில் ஒரு மேலதிகாரி கம்பிக் கணக்குக் கேட்டார். நான் பாதி இங்கிலீஷ், பாதித் தமிழில் பதில் சொன்னேன். "எந்தப் பட்டிக்காட்டுக் காலேஜ்லயிருந்துப்பா வர்றீங்க?" என்றார். இருபது பேர் சிரித்தார்கள். ராத்திரி தூக்கம் வரவில்லை. மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு வழி சொல்லியிருக்கிறார்: தப்புச் செய்தவனிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசு. மறுநாள் அவர் கேபினுக்குப் போனேன். "சார், நேத்து நான் சொன்ன கணக்குல தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறேன். காலேஜைச் சொன்னது வலிச்சுது சார்" என்றேன். அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பைலை எடுத்து, "கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார். ஆனால் அதற்குப் பிறகு என்னையோ எனக்குப் பின்னால் வந்த பையன்களையோ அவர் அப்படிப் பேசவில்லை. இங்கிலீஷ் தடுமாறியது உண்மை, அதைப் படித்துச் சரிசெய்தேன். காலேஜ் மட்டம் என்பது உண்மையில்லை, அதை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

எல்லா இடத்திலும் தனியாகப் போய்ப் பேசுவது நடக்காது. ஆபத்தாகவும் இருக்கலாம். ராகிங் என்ற பேரில் ஒரு பையனைக் கேவலப்படுத்தினால், "இயேசு சகித்தார், நீயும் சகி" என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. பொன் நாவரசு என்ற மருத்துவ மாணவர் 1996இல் ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. சாதியைச் சொல்லிப் பொது இடத்தில் இழிவுபடுத்தினால் 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. வீட்டில் தினமும் வாயால் வதைக்கப்படுகிற பெண்ணுக்கு 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. பவுல் அப்போஸ்தலரைப் பிலிப்பி பட்டணத்தில் விசாரணையே இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் ரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தபோது, "நாங்கள் ரோமக் குடிமக்கள், அதிகாரிகளே வந்து அழைத்துப் போகட்டும்" என்று நின்றுவிட்டார். சட்டத்தை நாடுவது விசுவாசக் குறைவு ஆகாது.

இன்னொன்று, செல்போன். நம் பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் குத்தலாக எழுதுகிறார். பதிலுக்குக் கை துடிக்கும். கொஞ்சம் நில்லுங்கள். அங்கே இருநூறு பேர் ஏரோது மாதிரி வேடிக்கை பார்க்கக் காத்திருக்கிறார்கள். குரூப்பில் மௌனம், அவருக்குத் தனியாக ஒரு போன். குரலைக் கேட்டால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

பேசியும் அவர் மாறவில்லை என்றால்? அப்போதுதான் மன்னிப்பு. அவர் செய்தது சரி என்று ஒத்துக்கொள்வது அதற்கு அர்த்தமில்லை. கணக்கைத் தேவன் கையில் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்ப்பது. ஒரே நாளில் வராது. திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். ஏழெழுபது தரம் என்று இயேசு சொன்னதில், ஒரே காயத்தைப் பல தடவை மன்னிப்பதும் அடங்கும் என்று நான் நினைக்கிறேன்.

கடைசியாக, நம் வயசுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இன்றைக்கு நாமும் மேலதிகாரிகள், அப்பாமார்கள், மாமியார்கள். பிரசங்கி 7ஆம் அதிகாரத்தில் ஒரு புத்திமதி உண்டு. மற்றவர் பேசுவதையெல்லாம் மனசில் போட்டுக்கொள்ளாதே, நீயும் பலமுறை பிறரைத் தூஷித்தது உன் மனசுக்குத் தெரியுமே என்று அதன் கருத்து. நம் சைட்டில் ஒரு புதுப் பையன், நம் கிளாசில் ஒரு முதல் தலைமுறைப் பெண், இன்று ராத்திரி நம் சொல்லால் தூங்காமல் கிடக்கக் கூடாது. சோர்ந்தவனை நிமிர்த்துகிற சொல்லுக்கும் அதே நாக்குதான் வேண்டும், காசு பணம் செலவில்லை.

தம்பி தங்கைகளே, கரிசலில் வீடு நிற்காது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஆழமாகப் போனவர்கள் கட்டிக் காட்டினார்கள். நீங்களும் ஆழமாகக் கால் ஊன்றுங்கள்.