விழுந்த பிறகுதான் பணமா?

(தென்னூர் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



சாமியையும் சாதியையும் பற்றிப் பேசும் நாம் இன்று இரத்தக் கொதிப்பைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். சம்பாதிக்கிறவன் ஒருவன் பக்கவாதம் வந்து விழுந்தால் "தலையெழுத்து" என்கிறார்கள்; "போன ஜன்மத்து வினை" என்கிறார்கள். பெரும்பாலும் அந்த எழுத்து தலையில் இல்லை, அளக்கும் கருவியில் இருக்கிறது. 140-க்கு 90 என்று பல மாதமாக எழுதிக்கொண்டே இருந்திருக்கும். வலியில்லாத வியாதியானதால் படிக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

சர்க்கார் என்ன செய்கிறது? தமிழ்நாட்டில் 2009-ல் துவங்கி, 2012-ல் முதலமைச்சரின் விரிவான காப்பீடாகி, 2018-ல் மத்திய சர்க்கார் திட்டத்தோடு இணைந்த ஏற்பாடு, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது. நல்ல காரியமே, ஏழைகளுக்கு வட்டிக்கடை வாசலை மிச்சப்படுத்தியிருக்கிறது. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தவனுக்கே. கூரை எரிந்தால் நஷ்டஈடு உண்டு, கொள்ளியை அணைக்கத் தண்ணீருக்குக் காசில்லை என்றால் இது என்ன கணக்கு?

2021 ஆகஸ்டில் துவங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வேறு வழி. ஊழியப் பெண்கள் வீட்டுக்கே வந்து கொதிப்பையும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அது காப்பீட்டுப் பணமல்ல, சர்க்கார் பணம். ஆனாலும் அவர் வந்து போனபின் மறுமுறை வரும்வரை நோயாளியைப் பார்ப்பது யார்?

வீட்டில் எடுத்த அளவு தானாகவே டாக்டரிடம் போய்ச் சேரும் கருவி இன்று இருக்கிறது. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் என்னும் சர்க்கார் காப்பீடு, 2019 முதல் கருவிக்கும், அளவைக் கவனிக்கும் வேலைக்கும் தனித்தனியே கூலி கொடுத்தது. கருவிக் கூலிக்கு 30 நாளில் 16 நாளாவது அளவு வரவேண்டும் என்றும், கவனிப்புக்கு மாதம் 20 நிமிஷமாவது வேண்டும் என்றும் விதித்தது. அங்கும் ஐந்தில் ஒரு பங்கு பொதுவாக நோயாளி தலையில்தான். அந்தக் குறையை நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

ஒன்று எச்சரிக்கிறோம். யாரும் பார்க்காத கருவி, கையில் கட்டிய தாயத்துதான். தாயத்தை அறுத்தெறியச் சொன்ன நாமே மின்சாரத் தாயத்தைக் கட்டச் சொல்லமாட்டோம். கருவி, அதைப் பார்க்கும் நர்சு, அளவு மீறினால் அன்றே மருந்தை மாற்றும் டாக்டர் ஆகிய மூன்றுக்கும் சேர்த்துக் காப்பீடு பணம் கட்டவேண்டும். நம் உடம்பின் கணக்கை வியாபாரிக்கு விற்கவும் கூடாது.

ஆகவே தோழர்களே, ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இதைக் கேளுங்கள். அதுவரை சும்மா இராமல், நாற்பது வயதானவர்கள் நாளையே அருகிலுள்ள சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கொதிப்பை அளந்துகொள்ளுங்கள். ஜாதகம் பார்க்கும் செலவுகூட ஆகாது.