கோச்சி ஏறியவளும் தோட்டத்தில் நின்றவனும்



பலஸ்தீனக் கவிதைகளைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். அவற்றை 1981இலேயே தமிழில் நூலாக்கித் தந்தவர் எம். ஏ. நுஃமான், பின்னாளில் நமது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். அவருடைய தமிழில் வாசித்தபோது பலஸ்தீனம் எனக்குத் தூர தேசமாகத் தெரியவில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

கிழக்கு ஜெரூசலேமில் பிறந்த ஒரு பலஸ்தீன இளைஞனை எண்ணிப் பாருங்கள். படிக்கப் போன நாட்டில் ஒருத்தியை விரும்புகிறான். ஊரில் வயதான தாய். காதலியோடு அங்கேயே தங்கிவிட்டால் என்ன? பிறந்த நகரத்திலேயே, இஸ்ரேலின் சட்டப்படி, அவன் நிரந்தர வதிவாளன் மட்டும்தான். ஏழு வருடம் வெளிநாட்டில் வாழ்ந்தால் அந்த உரிமையும் பறிபோகலாம். 1967க்குப் பிறகு 14,000க்கும் மேற்பட்டவர்கள் அப்படி இழந்திருக்கிறார்கள். அதன்பின் பெற்ற தாயைப் பார்க்கவும் அந்நியனாகத்தான் வர வேண்டும்.

பலஸ்தீன எழுத்தாளர் கசான் கனஃபானியின் கதை வேறு விதம். பலஸ்தீன அகதிகளின் நிலையை அறிய 1961இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆன்னியை அவர் மணந்தார். 1972 ஜூலை 8ஆம் திகதி பெய்ரூட்டில் அவரும் சகோதரியின் மகளும் கார்க் குண்டில் கொல்லப்பட்டார்கள். ஆன்னி ஊர் திரும்பவில்லை. அங்கேயே இருந்து அகதி முகாம்களில் பாலர் பாடசாலைகள் நடத்தினார். அந்தத் தாயை வணங்குகிறேன். ஆனாலும் டென்மார்க் கடவுச்சீட்டு உள்ளவரால் அகதி முகாமுக்குப் போக முடிந்தது. அகதிப் பிள்ளையால் காதலைத் தேடிப் போய்த் திரும்ப முடியுமா?

இதைக் கேட்கும் தகுதி மலையகத்துக்கு உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் நம் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு, 1974இல், அவர்களையும் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். உயிர்களைத்தான் பிரித்தார்கள், அன்பர்களே! யாருக்கு யார் மேல் ஆசை, யாருக்கு யார் கஞ்சி ஊற்ற வேண்டும் என்று அந்தத் தாளில் ஒரு வரி உண்டா?

ஒரு லயத்துப் பையன் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதியிருப்பான். பக்கத்து லயத்துப் பெண்ணின் தகப்பன் இந்தியாவுக்கு எழுதியிருப்பார். கண்டியில் உள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் பாஸ்போர்ட் வந்துவிட்டால், கொழுந்து எடுத்த கையோடு அவள் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்ட வேண்டும். தலைமன்னாருக்குக் கோச்சி. அதற்கு மலையகம் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வைத்தது. அங்கிருந்து கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம். கூட ஏறலாம் என்றால் அவனுக்கு இருமலோடு படுத்திருக்கும் அப்பன், மூன்று தங்கைகள். ஏறாதவனைக் கோழை என்றும், ஏறினவனைப் பெற்றவர்களை விட்டு ஓடினவன் என்றும் பேசினோமே! அந்தப் பேச்சை நான் வெறுக்கிறேன். ஆசையும் கடமையும் ஒரு வீட்டுக்குள் சேர்ந்து இருக்கக்கூடியவை. நடுவில் கடலை வைத்தது சட்டம். குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது அதுதான், அந்த இருபது வயதுப் பிள்ளைகள் அல்லர்.

1984இல் கப்பலும் நின்றது. மிஞ்சிய நாடற்றவர்களுக்கு 2003இல்தான் இலங்கை பிரஜாவுரிமை கொடுத்தது. அதே 2003இல், மேற்குக் கரையிலும் காசாவிலும் உள்ள பலஸ்தீனர்கள் இஸ்ரேலில் இருக்கும் துணையோடு சேர்ந்து குடியேறுவதைத் தடுக்கும் சட்டத்தை இஸ்ரேல் கொண்டுவந்தது. 2022இல் அதை மீண்டும் நிறைவேற்றியது. நம்மில் மிஞ்சியவர்களுக்குச் சட்டம் கதவைத் திறந்த வருடத்தில் இன்னொரு சனத்துக்குக் கதவு சாத்தப்பட்டது. அதனால்தான் அவர்களுடைய கவிதை நம் வீட்டுக் கடிதம் போலக் கேட்கிறது.

மாணவர்களே, அன்று கோச்சியடியில் நின்றவர்களில் பலருக்கு இன்று எழுபது வயதுக்கு மேல். கலஹாவிலும் தெல்தோட்டையிலும் இருக்கிறார்கள். ஏறிப் போனவர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். இந்திய முத்திரை ஒட்டிய பழைய கடிதங்கள் இன்னும் தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன. போய்க் கேளுங்கள், பக்கத்தில் இருந்து எழுதுங்கள், அவர்கள் சம்மதித்தால் படி எடுங்கள். இந்த மாதமே தொடங்குவோம். வரத் தயாரானவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குக் கீழே என்னிடம் பெயரைக் கொடுங்கள்.