செவிவழி ஆங்கிலம்: தமிழ்ப் புணர்ச்சி இலக்கணம் தரும் துணை



தமிழ் வளர்க்கும் மன்றத்தின் மேடையில் நின்று ஆங்கிலத்தைக் கேட்டுப் பழகுவது பற்றிப் பேசுவது உங்களுள் சிலருக்கு வியப்பைத் தரலாம். அதற்கொரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை என்னிடம் கேட்ட வினாவே இவ்வுரைக்கு வித்து. அவர் தொழிற்சாலையில் பணிபுரிபவர். அவருடைய மகள் தமிழ்ப்பள்ளியில் பயின்று, பின் இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவத்தில் என்னிடம் ஆங்கிலம் கற்றவள். கட்டுரை நன்றாக எழுதுவாள். ஆனால் மாதிரித் தேர்வில் ஆங்கிலக் கேட்டல் தாளில் 30க்கு 9 மதிப்பெண்ணே பெற்றிருந்தாள்.

மறுநாள் மாலை பள்ளி வாயிலில் அந்தத் தந்தை காத்திருந்தார். "ஐயா, வீட்டில் நாங்கள் தமிழ்தான் பேசுகிறோம். அதனால்தான் பிள்ளைக்கு ஆங்கிலம் காதில் ஏறவில்லை என்று சொல்கிறார்கள். இனிமேல் வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்டார்.

அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் பணியிடத்தில் புழங்கும் சில பத்துச் சொற்களே. தமிழை நிறுத்திவிட்டால் அந்த வீட்டில் எஞ்சப்போவது ஆங்கிலமன்று, மௌனம். அன்று அவருக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. "ஒரு மாதம் பொறுங்கள்" என்று மட்டும் சொன்னேன். அந்த ஒரு மாதத்தில் நான் கற்றதையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

கண் அறிந்ததைச் செவி அறியவில்லை

2021ஆம் ஆண்டுக்கான எஸ்.பி.எம். தேர்விலிருந்து ஆங்கில மொழியில் கேட்டல் ஒரு தனித் தாளாக இடம்பெறுகிறது. 40 நிமிடங்கள், 30 வினாக்கள். வாசிப்பு, எழுத்து, பேச்சு ஆகியவற்றோடு கேட்டலும் சம நிலையில் நிற்கிறது. சிறு உரையாடல்களும் சிறு உரைகளும் ஒலிக்க, மாணவர்கள் அவற்றைக் கேட்டு விடையளிக்க வேண்டும்.

அம்மாணவியை அருகில் அமர்த்தி ஓர் எளிய சோதனை செய்தேன். அவள் தவறவிட்ட உரையாடல்களின் எழுத்துப் படிவத்தை அவள் கையில் கொடுத்தேன். படித்தாள், ஒரு சொல்லும் அவளுக்குப் புதிதில்லை. எல்லா வினாக்களுக்கும் சரியாக விடை சொன்னாள். பிறகு அவள் முகத்தில் தோன்றியது மகிழ்ச்சியன்று, திகைப்பு. "இதுவா அது, ஐயா? இதையா அவர்கள் பேசினார்கள்?" என்றாள்.

அவ்வுரையாடல்களுள் ஒன்றை மட்டும் சொல்கிறேன். உணவகத்தில் ஒருவர், "வுட் யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" என்று ஒரு பெண்மணியைக் கேட்கிறார். அவர், "நாட் அட் ஆல்" என்கிறார். அப்பெண்மணி இசைந்தாரா, மறுத்தாரா என்பது வினா. மாணவி மறுத்தார் என்று எழுதியிருந்தாள். அவள் செவியில் விழுந்தது 'நாட்' என்ற ஒலி மட்டுமே. எஞ்சியது அகராதியில் இல்லாத ஏதோ ஒரு சொல்லாக, 'நாட்டட்டால்' என்று கேட்டதாம். நான் அமர்ந்தால் உங்களுக்குத் தடையுண்டா என்ற வினாவுக்கு 'இல்லவே இல்லை' என்பது இசைவு. கேட்டவர் வினவிய முறையையும் விடை வந்த ஒலியையும் ஒருசேரப் பிடித்தாலன்றி அவ்வுரையாடல் விளங்காது.

ஆக, குறை சொல்வளத்தில் இல்லை, காதிலும் இல்லை. அவள் ஆங்கிலச் சொற்களைத் தாளில் இடைவெளி விட்டு நிற்கும் தனித்தனிச் சொற்களாகவே அறிந்திருந்தாள். பேச்சிலோ சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை.

நாம் ஏற்கெனவே அறிந்த விதிகள்

அவ்வேளையில்தான் எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. 'நாட்டட்டால்' என்று அவள் எழுதிக் காட்டியதைக் கண்ட நான், "மண், எண்ணெய் இரண்டையும் சேர்த்துச் சொல்" என்றேன். "மண்ணெண்ணெய்" என்றாள். "மண் எங்கே முடிகிறது, எண்ணெய் எங்கே தொடங்குகிறது?" என்றேன். சிரித்துவிட்டாள்.

அன்பர்களே, சொற்கள் கூடும்போது ஒலி என்ன ஆகும் என்பதை ஓர் இயலாகவே வகுத்து, அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கற்பித்துவரும் மொழி நம்முடையது. தோன்றல், திரிதல், கெடுதல் என்ற மூன்றும் நம் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் பயில்பவை. அதே மூன்றும் ஆங்கிலப் பேச்சில் ஒவ்வொரு நொடியும் நிகழ்கின்றன. ஆங்கில எழுத்து அவற்றைக் காட்டுவதில்லை, அவ்வளவே வேறுபாடு.

தோன்றலை எடுத்துக்கொள்வோம். 'மணி'யும் 'அடித்தது'ம் சேர்ந்தால் 'மணியடித்தது'. இடையில் யகரம் தோன்றுகிறது. 'பூ'வும் 'அழகு'ம் சேர்ந்தால் 'பூவழகு', இங்கே வகரம். ஆங்கிலத்தில் 'ஸீ இட்' என்பதை விரைந்து சொல்லிப் பாருங்கள்; 'ஸீயிட்' என்று மெல்லிய யகரம் புகும். 'கோ அவுட்' என்பது 'கோவவுட்' என ஒலிக்கும். எந்த உயிருக்குப் பின் யகரம், எந்த உயிருக்குப் பின் வகரம் என்பதில் இரு மொழிகளும் இங்கே ஒத்துப்போவதைக் காணலாம். நாவின் இயல்பு ஒன்றே அன்றோ!

திரிதல் இரண்டாவது. 'வரும்', 'காலம்' இரண்டும் சேர்ந்து 'வருங்காலம்' ஆகின்றன. ககரத்தை நோக்கி மகரம் ஙகரமாகத் திரிகிறது. ஆங்கிலத்தில் 'டென் கேர்ள்ஸ்' என்பது 'டெங் கேர்ள்ஸ்' என்றும், 'டென் பாய்ஸ்' என்பது 'டெம் பாய்ஸ்' என்றும் பேச்சில் ஒலிப்பதும் இவ்வாறே.

கெடுதல் மூன்றாவது. 'மரம்', 'வேர்' சேர்ந்தால் மகரம் கெட்டு 'மரவேர்' ஆகிறது. 'நெக்ஸ்ட் டே' என்பதில் நடுவிலுள்ள டகரம் கெட்டு 'நெக்ஸ் டே' என்றும், 'மஸ்ட் பி' என்பது 'மஸ் பி' என்றும் ஆகின்றன.

இவ்விதிகளைச் சொன்ன பிறகு அம்மாணவி ஒலிப்பதிவைக் குறைசொல்வதை விட்டுவிட்டாள். "இங்கே கெட்டிருக்கிறது, ஐயா", "இங்கே திரிந்திருக்கிறது" என்று பிரித்துக் காட்டத் தொடங்கினாள். 'வருங்காலம்' என்பதைப் 'பிரித்து எழுதுக' என்றால் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு 'நாட்டட்டால்' என்பதைப் பிரித்துக் கேட்க இயலாதா?

புணர்ச்சி உதவாத இடங்கள்

எல்லாவற்றையும் தமிழ் இலக்கணம் தீர்த்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு இடங்களில் செவியைப் புதிதாகவே பழக்க வேண்டும்.

ஒன்று, அழுத்தம். ஆங்கிலத்தில் பொருளைச் சுமக்கும் சொற்கள் ஓங்கி ஒலிக்கும். துணைச் சொற்கள் நலிந்து மறையும். 'ஐ கேன் கம்' என்பதில் 'கேன்' வெறும் 'கன்' என நலியும். 'ஐ கான்ட் கம்' என்பதில் 'கான்ட்' ஓங்கும். அதன் ஈற்று டகரம் பெரும்பாலும் செவிக்கு எட்டாது. எனவே வர இயலும் என்கிறாரா, இயலாது என்கிறாரா என்பதை ஈற்றெழுத்தைக் கொண்டன்று, ஓங்கிய ஒலியைக் கொண்டே அறிய வேண்டும். பதின்மூன்றா முப்பதா என்ற ஐயமும் அத்தகையதே. 'தர்ட்டி' என்பதில் முதலசை ஓங்கும். 'தர்ட்டீன்' என்பதில் ஈற்றசை நீளும்.

மற்றொன்று, வல்லின ஒலிகளின் வேறுபாடு. முதுகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் பையைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பேக்' என்றே வரும். நம் எழுத்து அவ்விரண்டையும் பிரிப்பதில்லை. ஆனால் பையைக் குறிக்கும் சொல்லில் உயிரொலி சற்றே நீண்டு ஒலிக்கும். குறிலும் நெடிலும் அறிந்த செவிக்கு இது எட்டாததன்று. ஈற்றைத் தேடாமல் நடுவைக் கேட்கப் பழக்கினால் போதும்.

சிறு உரையாடலைக் கேட்கும் முறை

தமிழில் கற்பதற்கே 'பாடம் கேட்டல்' என்று பெயர். திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகியவற்றை அடுத்து நிற்பது கேள்வி அதிகாரம். 13ஆம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர், பாயிரத்திலேயே மாணவன் கேட்கும் முறையை வகுக்கிறார். இருமுறை கேட்பவனுக்குப் பிழை நீங்கும் என்றும், மும்முறை கேட்பவன் முறையறிந்து பிறருக்கு உரைப்பான் என்றும் அவர் கருத்து. ஒலிப்பதிவுக் கருவி இல்லாத காலத்தில் சொன்ன அம்முறையையே நான் சிறு உரையாடலுக்குக் கைக்கொண்டேன்.

ஒரு நிமிடத்திற்கு மிகாத உரையாடல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை கேட்கும்போது கையில் எழுதுகோல் வேண்டாம். பேசுபவர் யாவர், எங்கே பேசுகின்றனர், ஒருவர் மற்றவரிடம் எதை வேண்டுகிறார் என்ற மூன்றை மட்டும் அறிந்தால் போதும். இரண்டாம் முறை நாள், நேரம், விலை, இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் சொன்ன நாளைப் பேசுபவரே பின்னர் மாற்றக்கூடும். 'பட்', 'ஆக்சுவலி' போன்ற சொற்கள் வருமிடத்தில் விழிப்பாக இருங்கள். 'ஐம் அஃப்ரெய்ட்' என்று ஒருவர் தொடங்கினால் அச்சத்தைத் தேடாதீர்கள். பணிவான மறுப்பு வரப்போகிறது என்று பொருள். மூன்றாம் முறை எழுத்துப் படிவத்தைக் கண்ணெதிரே வைத்துக் கேளுங்கள். செவி வழுக்கிய இடங்களை வட்டமிட்டு, அங்கே தோன்றியதா, திரிந்ததா, கெட்டதா என்று எழுதுங்கள். பின்பு படிவத்தை மூடிவிட்டு, ஒலிப்பதிவோடு சேர்ந்தே வாய்விட்டுச் சொல்லுங்கள். வாய் சொல்லப் பழகிய ஒலியைச் செவி தவறவிடுவது அரிது.

பலர் படிவத்தை முதலிலேயே பார்த்துவிடுகின்றனர். அது வாசிப்புப் பயிற்சியே ஆகும். கேட்டல் பயிற்சி ஆகாது. நாள்தோறும் பத்து நிமிடம், ஓர் உரையாடல் போதும். வாரக் கடைசியில் இருபது உரையாடல்களை ஒரே மூச்சில் கேட்பதால் களைப்பே மிஞ்சும்.

உரைப்பகுதிக்கு வேண்டியது வேறொரு பழக்கம். செய்யுளை அடி பிசகாமல் மனனம் செய்து வளர்ந்த நம் பிள்ளைகள் ஒரு சொல் விளங்காவிட்டால் அங்கேயே நின்றுவிடுகின்றனர். அதற்குள் மூன்று வாக்கியங்கள் கடந்துவிடுகின்றன. விளங்காத சொல்லை விட்டுவிட்டு உரையோடு முன்னே செல்லும் துணிவைக் கற்பிக்க வேண்டும். எதைப் பற்றிய பேச்சு என்பதைத் தொடக்கத்தில் பற்றிக்கொண்டால் விட்ட சொல்லின் பொருளைப் பின்வரும் வாக்கியங்கள் பெரும்பாலும் தாமே தந்துவிடும்.

பயிற்சிக்குரிய பொருளுக்குக் குறைவில்லை. பிபிசி நிறுவனம் 1943ஆம் ஆண்டிலேயே வானொலிவழி ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கியது. ஆறு நிமிட உரையாடல் நிகழ்ச்சிகளை இன்று இணையத்தில் எழுத்துப் படிவத்தோடு இலவசமாகவே பெறலாம்.

தந்தைக்கு அளித்த விடை

இனி அந்தத் தந்தையின் வினாவுக்கு வருகிறேன். பவணந்தியார் மற்றொன்றும் சொல்கிறார். ஆசிரியர் சொல்வதை நன்கு கேட்டாலும் மாணவன் பெறுவது கால் பங்கே; உடன் கற்பவரோடு பயில்வதால் மற்றொரு கால் பங்கு; பிறருக்கு எடுத்துரைப்பதால்தான் எஞ்சிய அரைப் பங்கு நிறைவுறும் என்பது அவர் கணக்கு.

ஒரு மாதம் கழித்து அவரைச் சந்தித்தபோது இதையே சொன்னேன். "தமிழை நிறுத்தாதீர்கள். நாள்தோறும் இரவில் மகள் கேட்ட ஆங்கில உரையாடலை உங்களிடம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். யார் வந்தார், என்ன கேட்டார், ஏன் மறுத்தார் என்று நீங்கள் வினவுங்கள். அவளால் விடை சொல்ல முடியாத இடமே அவள் சரியாகக் கேட்காத இடம்." ஆங்கிலம் அறியாத தம்மால் மகளின் ஆங்கிலத்திற்கு உதவ முடியும் என்பதை அவர் முதலில் நம்பவில்லை. ஆயினும் செய்தார். இரவுப் பணி இல்லாத நாள்களில் தந்தையும் மகளும் உணவு மேசையில் அமர்ந்து, எங்கோ யாரோ பேசிய உரையாடல்களைத் தமிழில் ஆராய்ந்தனர். தந்தை கேட்ட குறுக்கு வினாக்கள் தேர்வுத்தாள் வினாக்களைவிடக் கடினமானவை என்று அவள் என்னிடம் குறைபட்டுக்கொண்டாள்.

எஸ்.பி.எம். தேர்வில் அவள் முதல் நிலை பெறவில்லை. நல்ல தேர்ச்சி பெற்றாள். இன்று பணியிடத்தில் தொலைபேசி வழியாக ஆங்கிலத்தில் பேசுகிறாள். அவள் வீட்டில் இன்றும் தமிழ் ஒலிக்கிறது.

பெற்றோர்களே, உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. பிள்ளைக்கு ஆங்கிலம் செவியில் விழவில்லை என்றால் அதற்கு வீட்டுத் தமிழைக் குற்றவாளியாக்காதீர்கள். சொற்கள் கூடும்போது ஒலி மாறும் என்ற அறிவை அவர்களுக்கு முதலில் தந்தது தமிழ். கேட்டதைத் தெளிவாக எடுத்துரைக்கும் ஆற்றலையும் தருவது அதுவே. ஆசிரியப் பெருமக்களே, நாளை உங்கள் வகுப்பில் ஆங்கில உரையாடல் ஒன்றை ஒலிக்கச் செய்து, பிள்ளைகளைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து பாடம் வகுக்க அது ஒரு தொடக்கமாகட்டும்.