அரியலூருக்கு அழைக்கப் போனவர்

(ஜூலை மாதம் நான்காம் ஞாயிறு காலை வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



இன்று தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாள். 2021-ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் இதை ஏற்படுத்தினார். ஆண்டவரின் தாத்தா பாட்டியான புனிதர்கள் சுவக்கீன், அன்னா திருநாள் ஜூலை 26-இல் வருகிறது. அதையொட்டித்தான் இந்த ஞாயிறு. பல ஆலயங்களில் இன்று பிள்ளைகள் தாத்தா பாட்டிக்குப் பூக்கொடுப்பார்கள், பாட்டுப் பாடுவார்கள். நல்லதுதான். ஆனால் நான் இன்று பேச நினைப்பது, பூவைக் கையில் கொடுத்தாலும் கொடுத்தது யாரென்று தெரியாமல் விழித்த ஒரு தாத்தாவைப் பற்றி. அவர் இறந்து ஓராண்டு ஆகிறது.

பெயரைச் சொல்லப்போவதில்லை. அவருடைய துணைவியார் அந்த நிபந்தனையோடுதான் "சொல்லுங்க சாமி" என்று அனுமதி தந்தார்கள். பெரம்பலூர் வட்டாரத்தில் சின்ன வெங்காய மண்டி வைத்திருந்தவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வெங்காயம் எப்படிப்பட்ட சரக்கு என்பதை நம் பகுதி மக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருகல் நோய் விழுந்தால் வயலிலேயே போய்விடும். அதைத் தாண்டினால் ஐப்பசி கார்த்திகை மழை. அதையும் தாண்டிப் பட்டறையில் போட்டு விலைக்குக் காத்திருந்தால், காத்திருக்கும்போதே எடை குறையும். காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. இந்தச் சரக்கை வைத்துக்கொண்டு 40 ஆண்டுகள் விவசாயியிடமும் கெட்ட பெயர் எடுக்காமல், வாங்க வந்த வியாபாரியிடமும் கெட்ட பெயர் எடுக்காமல் ஒருவர் இருந்தார் என்றால் அது சின்ன விஷயம் அல்ல. சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் காதருகே வைத்து உரசுவார். சருகுச் சத்தம் வந்தால் காய்ந்த காய். சத்தம் அமுங்கினால் உள்ளே ஈரம். கணக்கெல்லாம் தலைக்குள்தான். பேரேடு எழுதியது கணக்கப்பிள்ளைக்காக. போன வருடம் இதே வாரம் யாருக்கு எத்தனை மூட்டை, என்ன விலை என்று கேட்டால் நோட்டைப் புரட்டாமல் சொல்வார்.

ஞாயிறு காலை மண்டி திறந்ததில்லை. இரண்டு மகன்களையும் கல்லாவில் உட்காரவைப்பதற்கு முன்னால் மூட்டை தைக்கவும் எடை போடவும் பழக்கினார். பேரன் ஒருவன் பள்ளி விட்டதும் நேரே மண்டிக்கு வந்து தாத்தாவின் மடியில் உட்கார்ந்துதான் கூட்டல் கழித்தல் படித்தான்.

போன மாதம் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்காக மகன்கள் பங்கு இல்லத்துக்கு வந்தார்கள். கையில் தட்டச்சு செய்த ஒரு தாள். "இதைப் பூசையில வாசிக்கணும் ஃபாதர்." நன்றாகவே எழுதியிருந்தார்கள். தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்றது, ஒற்றைத் தராசோடு தொடங்கியது, திருச்சிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் லோடு அனுப்பியது, ஆலயக் கொடிமரத்துக்குக் கொடுத்தது, எல்லாம் இருந்தன. கூட வந்திருந்த அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். முடிந்ததும் அவர்கள் சொன்னது ஒன்றுதான்.

"அஞ்சு வருஷத்தைக் காணோமே சாமி."

தாளை மறுபடியும் பார்த்தேன். அவருடைய 71-ஆம் வயதோடு வாழ்க்கைக் குறிப்பு நின்றிருந்தது. அடுத்த வரியே இறந்த தேதி. இறக்கும்போது அவருக்கு வயது 76.

அந்த ஐந்து ஆண்டுகளும் மறதி நோயின் ஆண்டுகள். ஒரு விவசாயிக்கு ஒரே பணத்தை இரண்டு முறை கொடுத்தார், இன்னொருவருக்குக் கொடுக்காமலே கொடுத்ததாகச் சாதித்தார். அப்படித்தான் தொடங்கியது. மகன்கள் அவரைக் கல்லாவிலிருந்து எழுப்பினார்கள். அதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். மண்டியில் இருப்பது ஊரார் பணம். ஆனால் கல்லாவிலிருந்து எழுப்பியவரை மண்டிக்கே வர வேண்டாம் என்றார்கள். பிறகு கல்யாணத்துக்கு அழைத்துப் போகவில்லை. பிறகு கோயிலுக்கும். யாராவது கேட்டால், "அப்பா ரெஸ்ட்ல இருக்காங்க."

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. நம் நாட்டில் 60 வயது கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறக்குறைய 88 இலட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. அத்தனை பேரும் எங்கே? நம் ஆலயத்தில் பார்க்கிறோமா?

வீட்டில் இருந்தவர் சும்மா இருக்கவில்லை. கதவு திறந்திருக்கும் நேரம் பார்த்துக் கிளம்பிவிடுவார். முதல் தடவை ஊர் முழுக்கத் தேடினார்கள். கிடைத்தது அரியலூரில். பெரம்பலூரிலிருந்து 30 கிலோமீட்டருக்குப் பேருந்து ஏறிப் போயிருக்கிறார். அங்கே ஒரு தெருவில், ஒரு வீட்டின் எதிரே, வெள்ளை வேட்டி சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். அது அம்மாவுடைய பிறந்த வீடு. விற்று இருபது வருடம் ஆகிறது. மூத்த பிள்ளையின் பேறுகாலத்துக்கு அம்மா அங்கே வந்திருந்ததும், மூன்றாம் மாதம் இவர் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போனதும் நடந்து ஏறக்குறைய ஐம்பது வருடம். இப்போது மறுபடியும் அழைக்க வந்திருக்கிறார்.

அதன்பிறகு மூன்று நான்கு முறை அப்படிப் போனார். அவரைக் காணவில்லை என்றால் அம்மா யாரையும் தேடச் சொல்வதில்லை. தானே அடுத்த பேருந்தில் அரியலூர் போய்விடுவார்கள். பக்கத்தில் போய் நிற்பார்கள். அவருக்கு அடையாளம் தெரியாது. "இந்த வீட்டுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன், இன்னும் வெளியே வரல" என்று இவரிடமே சொல்வார். கொஞ்ச நேரம் அவரோடு காத்திருந்துவிட்டு, "நான் வந்துட்டேன், வாங்க போகலாம்" என்று கையைப் பிடிப்பார்கள். சில நாள் உடனே வருவார். சில நாள் ஒரு மணி நேரம் ஆகும்.

"அவரு என்னை மறக்கல சாமி" என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார்கள். "கிழவியாப் போன என்னைத்தான் தெரியல."

குருமடத்தில் எங்களுக்குத் திருப்பலி இறையியல் நடத்தும்போது அனம்னேசிஸ் என்ற கிரேக்கச் சொல்லைப் பல நாள் விளக்கினார்கள். நினைவு கூர்தல் என்று பொருள். பழையதை எண்ணிப் பெருமூச்சு விடுவதல்ல அது, நினைக்கப்படுகிறவர் இங்கே, இப்போது, நம் நடுவில் இருக்கிறார் என்பதே அதன் ஆழம் என்று சொல்லித்தந்தார்கள். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். விளங்கியது அரியலூர்த் தெருவில் அந்த அம்மா காத்து நின்ற கதையைக் கேட்டபோதுதான்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் வெள்ளிதோறும் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோவேன். ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனபோது என்னைப் பார்த்து, "எத்தனை மூட்டை கொண்டாந்திருக்க?" என்றார். நற்கருணையை வாயில் வாங்கித் துப்பிவிடுவாரோ என்று பயந்து, செபம் மட்டும் சொல்லி ஆசீர் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அடுத்த மாதம் நேரமில்லை என்று போகவில்லை. அதற்கு அடுத்த மாதமும் போகவில்லை. ஒருநாள் அம்மா ஆலய வாசலில் நின்று கேட்டார்கள்: "அவருக்குத்தான் சாமியைத் தெரியல. சாமிக்கு அவரைத் தெரியும்ல?" எந்தச் சாமியைச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அன்று மாலையே போனேன். சிறு துண்டாகப் பிட்டு, அம்மா கையால் ஒரு மிடறு தண்ணீரோடு கொடுத்தோம். விழுங்கினார். பிறகு தானாகக் கை நெற்றிக்குப் போய்ச் சிலுவை அடையாளம் வரைந்தது.

சீராக்கின் ஞான நூல் கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது. அதன் மூன்றாம் அதிகாரம், 12, 13 வசனங்களை இன்று வீட்டில் எடுத்து வாசியுங்கள். தந்தையின் முதுமையில் துணையாயிரு என்பதோடு ஆசிரியர் நிறுத்தவில்லை. அவருடைய அறிவு தளர்ந்துபோனாலும் பொறுத்துக்கொள் என்கிறார். உடல் தளர்வதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அறிவு தளர்வதை எழுதுவதற்கு, அப்படி ஒரு தந்தையை அவர் அருகிலிருந்து பார்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வாரம் ஜூலை 29-இல் இன்னொரு தந்தையின் இறந்த நாளும் வருகிறது. பிரான்சு நாட்டு அலென்சோன் நகரில் கடிகாரக் கடை வைத்திருந்த லூயி மார்ட்டின். நம் குழந்தை தெரேசாவின் அப்பா. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காதவர். மனைவி செலியின் சரிகைப் பின்னல் தொழில் பெருகியபோது, 1870-இல் தன் கடையை மருமகனிடம் விற்றுவிட்டு மனைவியின் தொழிலுக்குத் துணையாக நின்றவர். அந்தக் காலத்தில் எத்தனை ஆண்கள் அதைச் செய்திருப்பார்கள்? 1877-இல் மனைவி புற்றுநோயில் இறந்தார். ஐந்து பெண்பிள்ளைகளோடு லிசியூ நகருக்குக் குடிபெயர்ந்தார். இதுவரை எல்லாரும் சொல்வது. இதற்குப் பிறகு நடந்ததைப் பலர் சொல்வதில்லை. அவருக்கு மூளை இரத்தக்குழாய் நோய் வந்து நினைவு குழம்பியது. வீட்டைவிட்டுக் காணாமல் போனார். 1889 பிப்ரவரியில் கான் நகரில் மனநோயாளிகளுக்கான மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். மகள்கள் மடத்துக்குப் போனதால்தான் அப்பனுக்குப் புத்தி கெட்டது என்று ஊர் பேசியது. மடத்துச் சுவருக்குள் இருந்த தெரேசாவின் காதிலும் அது விழுந்தது. வீடு திரும்பியபின், 1894-இல் இறக்கும்வரை மகள் செலின் உடனிருந்து பார்த்துக்கொண்டார். 2015 அக்டோபர் 18-இல் திருச்சபை அவரையும் மனைவியையும் ஒன்றாகப் புனிதராக உயர்த்தியபோது, அந்த மருத்துவமனை ஆண்டுகளைக் கழித்துவிட்டு உயர்த்தவில்லை.

நம் ஏலாக்குறிச்சியில் அடைக்கல அன்னையின் நிழலில் வாழ்ந்த வீரமாமுனிவரும், தேம்பாவணியில் சூசையப்பரைத் தச்சுத் தொழிலில் குடும்பம் காத்தவராகப் பாடியதோடு நிறுத்தவில்லை. அவர் நோயில் விழுந்ததையும், அருகில் இருந்து பார்த்துக்கொண்டவர்களையும், மரணத்தையும் பாடித்தான் முடிசூட்டுக்கு வருகிறார்.

இதையெல்லாம் மகன்களிடம் நான் அப்படியே சொல்லவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்து, "அம்மா கேட்ட அஞ்சு வருஷத்தையும் எழுதிக்கொண்டு வாங்க" என்றேன். மூத்தவருக்குக் கோபம் வந்தது. "ஊர் முன்னாடி அதையெல்லாம் எதுக்கு ஃபாதர்?" என்றார். ஒரு வாரம் அவர்கள் வரவில்லை.

பிறகு மூத்தவர் மட்டும் வந்தார். கையில் தாள் இல்லை. ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. அவர் மகனுடையது, அந்த மடியில் கணக்குப் படித்த பையன். இப்போது ஒன்பதாம் வகுப்பு. கடைசி வருடத்தில் தாத்தா இரவெல்லாம் தூங்காமல் மூட்டை எண்ணுவாராம். பையன் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறான். செட்டிகுளம் 14 மூட்டை. ஈரம், தள்ளி வை. 22 மூட்டை. தேதி போட்டு, தாத்தா சொன்ன விலையும் போட்டு, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டல் போட்டிருக்கிறான். 60-க்கு மேற்பட்ட பக்கங்கள். அந்த மூட்டைகளில் ஒன்றுகூட மண்டிக்கு வந்ததில்லை.

"எனக்குத் தெரியாது ஃபாதர்" என்றார். "நான் மாடியில தூங்கிக்கிட்டு இருந்தேன்."

நினைவுத் திருப்பலியில் மகன்கள் எழுதிய தாளை இளையவர் வாசித்தார். 71-ஆம் வயதுக்குப் பிறகு ஒரு பத்தி சேர்த்திருந்தார்கள். அரியலூருக்குப் போனதும் அதில் இருந்தது. அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார்கள். நோட்டைக் காணிக்கைப் பவனியில் அப்பத்தோடும் இரசத்தோடும் பையன் கொண்டுவந்து கொடுத்தான். பூசை முடிந்ததும் திருப்பித் தந்துவிட்டேன். மண்டியில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில், பேரேடுகளோடு வைத்திருக்கிறார்களாம்.