சொல்லும் தமது, மெட்டும் தமது: ஷா ஆலம் சட்ட மாணவி யூனாவின் இசைப் பயணம்



ஒரு பாடல் காதில் விழுந்தவுடன் நம்மவர் மூன்று கேள்விகள் கேட்பதுண்டு. இசை யார்? எழுதியவர் யார்? பாடியவர் யார்? திரைப்படம் நமக்குக் கற்றுத்தந்த பழக்கம் இது. மூன்றுக்கும் ஒரே பெயர் விடையாக வந்த காலமும் நம்மிடம் இருந்தது. சொல்லையும் மெட்டையும் தாமே படைத்தவரை வாக்கேயக்காரர் என்றார்கள். தியாகராஜரும், நந்தனார் சரித்திரம் தந்த கோபாலகிருஷ்ண பாரதியாரும் அந்த வரிசையில் வந்தவர்கள்.

இன்று அதே வேலையைக் கையில் கிதாருடன் செய்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பெரிய இசைத்தட்டு நிறுவனங்களை நம்பாமல், தாமே எழுதி, தாமே பாடி, தாமே வெளியிடும் இவர்களது இசைக்கு 'இண்டி' என்று பெயர். சுயேச்சை இசை என்று தமிழில் சொல்லலாம். நம் நாட்டில் அதற்குச் சிறந்த உதாரணம் பாடகி யூனா.

யூனலிஸ் மாட் ஸாராயி என்பது அவரது முழுப்பெயர். 1986இல் கெடா மாநிலத்தின் அலோர்ஸ்டாரில் பிறந்து, சுபாங் ஜெயாவில் வளர்ந்தவர். ஷா ஆலத்தில் உள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றார். பதினான்கு வயதிலேயே பாட்டு எழுதத் தொடங்கியிருந்த அவருக்குக் கிதார் பின்னர்தான் கைவந்தது. தமது பாடல்களை மைஸ்பேஸ் இணையத்தளத்தில் ஏற்றினார். 2008இல் ஒரு சிறு இசைத்தொகுப்பு வெளிவந்தது. 'டான் செபெனார்ஞா' என்ற மலாய்ப் பாடல் அவரை நாடறியச் செய்தது. 2009இல் மலேசிய இசைத்துறையின் ஏஐஎம் விருதுகள் அவரைத் தேடி வந்தன. சட்டப் பட்டம் பெற்றதும் அதே ஆண்டில்தான். படிப்பா பாட்டா என்று வீட்டில் வாதாடும் பெற்றோரும் பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

அவரது பாணி என்ன? உரக்கப் பாடுவது அவர் வழக்கமல்ல. பக்கத்தில் அமர்ந்து ஒருவர் மனம் விட்டுப் பேசுவதுபோல ஒலிக்கும் குரல் அது. தொடக்க காலப் பாடல்களில் கிதார் முன்னே நிற்கும். மற்ற கருவிகள் அடக்கமாகத் துணை வரும். சொற்களும் எளியவை. மலாயிலும் எழுதுவார், ஆங்கிலத்திலும் எழுதுவார்.

இணையத்தின் வழியாகவே அமெரிக்காவின் கதவு திறந்தது. 2011இல் 'ஃபேடர்' நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. 2012இல் வெளிவந்த தொகுப்பில் 'லிவ் யுவர் லைஃப்' என்ற பாடலைத் தயாரித்தவர் புகழ்பெற்ற ஃபாரல் வில்லியம்ஸ். 2013இல் 'நொக்டர்னல்', 2016இல் 'சாப்டர்ஸ்', 2019இல் 'ரூஜ்' என்று தொகுப்புகள் தொடர்ந்தன. அஷருடன் சேர்ந்து பாடிய 'கிரஷ்', பில்போர்டின் அடல்ட் ஆர் அண்ட் பி வரிசையில் 3ஆம் இடம் வரை சென்றது. அமெரிக்க மேடைகளிலும் அவர் முக்காடு அணிந்தே பாடினார்.

இதற்குள் இசையும் மாறிவிட்டது. கிதார் பின்னே சென்றது. கறுப்பின அமெரிக்கர் வளர்த்த ரிதம் அண்ட் புளூஸ் முன்னே வந்தது. பெரிய நிறுவனத்திற்குப் போன பிறகு இவரை எப்படிச் சுயேச்சைப் பாடகி என்பது எனச் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தாளம் மாறியபோதும் எழுதுகோல் அவர் கையிலேயே இருந்தது. 2022இல் பெரிய நிறுவனத் துணையின்றித் தம் பாடல்களைப் பகுதி பகுதியாக வெளியிட்டு 'ஒய்5' தொகுப்பை நிறைவு செய்தார். சுயேச்சை என்பது கிதாரில் இல்லை. எதைப் பாடுவது என்று முடிவு செய்பவர் யார் என்பதில் இருக்கிறது.

இனி நம் பக்கம் வருவோம். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் குரல்வளமுள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. திருமண விருந்திலும் கலைநிகழ்ச்சியிலும் அவர்கள் பாடுவது பெரும்பாலும் சென்னையில் பிறந்த திரைப்பாடல்களையே. அதில் தவறில்லை, அந்தப் பாடல்கள் நம் வாழ்வோடு கலந்தவை. ஆனால் இந்த மண்ணில் வாழும் இளைஞனின் வேலை, காதல், ஏமாற்றம், அவன் ஏறும் ரயில், அவன் பேசும் தமிழ், இவற்றை யார் பாடுவது? சென்னைக் கவிஞர் வந்து எழுத மாட்டார்.

முடியாத காரியமும் அல்ல. யோகி பி, நட்சத்திரா குழுவோடு 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டுத் தமிழகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. தமிழ் கேட்போர் தொகை இங்கே சிறியது என்பது உண்மை. அதனால்தான் கேட்போரின் பொறுப்பு பெரிதாகிறது.

அடுத்த முறை வீட்டு விசேஷத்திற்கோ ஆலயத் திருவிழாவிற்கோ இசைக்குழுவை அழைப்பவர்கள் ஒன்று செய்யலாம். பத்துத் திரைப்பாடல்களோடு, குழுவினர் தாமே எழுதிய ஒரு பாடலையும் பாடச் சொல்லலாம். முதல் பாட்டு சுமாராக இருக்கலாம். அதையும் பொறுமையோடு கேட்டு, கை தட்டி, அடுத்த பாட்டு எப்போது என்று விசாரிக்க வேண்டும். பதினான்கு வயதில் எழுதத் தொடங்கும் ஒரு பிள்ளை அந்தக் கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கக்கூடும்.