வெள்ளியில் பதிந்த எழுத்து



காசு வணிகருக்கு மட்டும் உரியதன்று. எழுத்தையும் ஓவியத்தையும் ஏந்தி நாடு கடந்து செல்லும் சிற்றேடு அது. ஸ்கண்டிநேவியாவின் பழைய வெள்ளிக் காசுகள் இதற்குச் சான்று.

வைக்கிங்குகள் நெடுங்காலம் வெள்ளியை நிறுத்தே கொடுத்து வாங்கினர். அவர்தம் படைக்கு அஞ்சிய இங்கிலாந்து, 991இல் 10,000 இறாத்தல் வெள்ளியைத் திறையாக அளித்தது. திறையாகவும் வாணிபத்தாலும் வடக்கே சென்ற ஆங்கிலக் காசுகளில், ஒருபுறம் எதெல்ரெட் மன்னனின் தலையும் மறுபுறம் சிலுவையும் இருந்தன.

995 அளவில் டென்மார்க், நோர்வே, சுவீடன் ஆகிய மூன்று நாட்டு மன்னரும் தம் பெயரில் காசு அச்சிட்டபோது அவ்வடிவத்தையே பின்பற்றினர். பெயர் தம்முடையது, உருவம் எதெல்ரெட்டினுடையது, மொழியோ இலத்தீன். டென்மார்க் மன்னன் சுவெனின் காசில் அச்சிட்டவனாகக் காணப்படும் கொட்வின் என்பதும் ஆங்கிலப் பெயரே. திறை வாங்கியவர், திறை தந்தவரிடமே அச்சுக்கலையையும் கற்றனர்.

1047 முதல் 1076 வரை டென்மார்க்கை ஆண்ட சுவென் எஸ்திரிட்சென் காலத்தில் பைசாந்தியக் காசுகளின் கிறிஸ்து உருவமும் தேவதூதர் உருவமும் இரவலாக வந்தன. ஆனால் அவன் ஆட்சியின் பிற்பகுதியில் லுண்ட் நகர அக்கசாலையில் ஒரு புதுமை நிகழ்ந்தது. கல்லிலும் மரத்திலும் செதுக்கப்பட்டுவந்த றூனிக் எழுத்துக்கள் வெள்ளியில் ஏறின. அவ்வெழுத்தில் நின்றவை பெரும்பாலும் காசடித்தோரின் பெயர்கள்.

இலக்கியத்திற்கும் இது பொருந்தும். இரவல் வடிவத்தில் தொடங்குவது இழுக்கன்று. இறுதிவரை அதில் தன் எழுத்தைப் பதியாதிருப்பதே இழுக்கு.