தலைப்பிள்ளைக்கு மட்டும் முழு ஹார்மோனா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், மொட்டைமாடியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர் மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் குடியிருப்புவாசி.)



தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்பும் முடிந்ததால் எனக்குக் கொஞ்ச நேரம் கொடுத்திருக்கிறார்கள். நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக ஒரு செய்தி சுற்றுகிறது. தாயின் வயிற்றில் முதல் குழந்தைக்குத்தான் முழு ஹார்மோன் கிடைக்கிறதாம். அடுத்தடுத்த குழந்தைக்குக் குறைந்துகொண்டே போகுமாம். பிறந்த பிறகு மூளைக்குக் கிடைக்கிற தூண்டுதலும் முதல் குழந்தைக்கே அதிகமாம். அதனால் தலைப்பிள்ளை தைரியசாலி, புத்திசாலி. வெளிநாட்டு ஆய்வு என்று கடைசியில் ஒரு முத்திரை. அதற்குக் கீழே நம்மில் ஒருவர், "அதான் எங்க வீட்ல ரெண்டாவது இப்படி" என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தார். யார் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ரெண்டாவதுக்கு அம்மாவின் போனைத் திறக்கத் தெரியும், தமிழும் நன்றாகப் படிக்கத் தெரியும். அதனால்தான் பேச நேரம் கேட்டேன்.

அந்தச் செய்தி முழுக்கக் கட்டுக்கதை இல்லை. பின்னால் ஒரு நிஜ ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் எலினார் மக்கோபியும் கேரல் ஜாக்ளினும், இன்னும் இருவரோடு சேர்ந்து 1979இல் வெளியிட்டது. குழந்தை பிறந்ததும் வெட்டுகிற தொப்புள்கொடியிலிருந்து இரத்தம் எடுத்து, டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் போன்ற பால் ஹார்மோன்களை அளந்தார்கள். ஆணோ பெண்ணோ, தலைப்பிள்ளைகளிடம் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் பின்னால் பிறந்தவர்களைவிட அதிகம் இருந்தது. தலைப்பிள்ளை பையனாக இருந்தால் டெஸ்டோஸ்டிரோனும் அதிகம். இரண்டு பிரசவத்துக்கும் இடையே எத்தனை காலம் என்பதும் கணக்கில் வந்தது. பின்னால் அதே குழு, குழந்தைகள் ஒன்றரை வயது ஆகும்வரை எவ்வளவு மிரளுகிறார்கள் என்று பார்த்து, பையன்களிடம் மட்டும் ஹார்மோனோடு ஒரு தொடர்பு தெரிகிறது என்று எழுதியது. மரியாதைக்குரிய ஆய்வாளர்கள், நேர்மையாக எழுதிய கட்டுரைகள். அங்கிருந்து "ரெண்டாவது மந்தம்" என்ற இடத்துக்கு எப்படி வந்தோம் என்பதுதான் கேள்வி.

இரத்தக் குப்பிகளோடு ஆயுசில் பாதியைக் கழித்தவன் நான். ஒரு எண் கைக்கு வந்தால் முதலில் கேட்பது, எந்த நேரத்தில் எடுத்த இரத்தம், எங்கிருந்து எடுத்தது என்பதுதான். தொப்புள்கொடி இரத்தத்தில் இருக்கும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் பெரும்பாலும் நஞ்சுக்கொடி சுரப்பவை. பிள்ளையின் சொந்தச் சொத்து இல்லை. எடுக்கிற நேரமோ பிரசவம் முடிந்த அந்த நொடி. தலைப்பிரசவம் எவ்வளவு நேரம் இழுக்கும் என்று இங்கே இருக்கும் அம்மாக்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ராத்திரி வலி எடுத்து மறுநாள் மத்தியானம் பிறந்த கதை எல்லா வீட்டிலும் உண்டு. ரெண்டாவதுக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு ஆட்டோ போய்ச் சேர்ந்ததே பெரிசு என்பார்கள். ஆக, முதலையும் இரண்டாவதையும் ஒப்பிடும்போது தாயின் வயது, வலி எடுத்த நேரம், நஞ்சுக்கொடி எல்லாமே சேர்ந்து மாறுகிறது. வித்தியாசம் பிறந்த வரிசையால்தான் வந்தது என்று பிரித்துச் சொல்வது சுலபமான வேலை இல்லை.

இன்னொன்று. ஆண் சிசுவுக்கு டெஸ்டோஸ்டிரோன் உச்சத்துக்குப் போவது கருவின் நாலாவது மாதத்தை ஒட்டி. பிரசவ நேரத்தில் அது நன்றாக இறங்கியிருக்கும். பிறந்த ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி ஏறி, ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். நடுவில் ஒரு நொடி எட்டிப்பார்த்து ஆளின் குணத்தைச் சொல்வது, காசிமேட்டில் சாயங்காலம் நாலு மணிக்கு நின்று பார்த்துவிட்டு இங்கே மீனே வருவதில்லை என்று சொல்வதுபோல. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த 1979 ஆய்வு புத்தியை அளக்கவே இல்லை. அது வாட்ஸ்அப்பில் யாரோ ஒட்டவைத்த வால்.

சரி, புத்தியை அளந்தவர்கள் உண்டா? உண்டு. நார்வே நாட்டில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது இளைஞர்கள் எல்லோருக்கும் அறிவுத்திறன் தேர்வு வைப்பார்கள். சுமார் 2,41,000 பேரின் மதிப்பெண்ணை எடுத்து கிறிஸ்டென்சன், பியர்கெடால் என்ற இருவர் 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூத்தவர்கள் இரண்டாமவர்களைவிடச் சராசரியாக இரண்டு புள்ளிச் சொச்சம் அதிகம். அதே ஆள் வேறொரு நாள் தூக்கமில்லாமல் தேர்வு எழுதினாலே அதைவிட அதிகம் மாறும். லட்சக்கணக்கானவர்களின் சராசரியில் தெரியும் வித்தியாசம் அது. உங்கள் வீட்டில் இருக்கும் இரண்டு பிள்ளைகளைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. சில வீடுகளில் மூத்த பிள்ளை குழந்தையிலேயே இறந்துபோயிருக்கும். இரண்டாவதாகப் பிறந்தவன் வீட்டில் மூத்தவனாக வளர்ந்திருப்பான். அவனுடைய மதிப்பெண் எப்படி? மூத்தவர்களின் மதிப்பெண் போலவே இருந்தது. மூன்றாவதாகப் பிறந்து இரண்டாவதாக வளர்ந்தவனுக்கு இரண்டாமவர்களின் மதிப்பெண். கருப்பையின் ஹார்மோன்தான் காரணம் என்றால், மேலே இருந்தவன் உயிரோடு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? வயிறு அவனுக்கு இரண்டாவது வயிறுதானே. காரணம் வீட்டுக்குள் இருக்கிறது என்று அந்த ஒரு கணக்கே சொல்கிறது.

குணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2015இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் மூன்று நாடுகளைச் சேர்ந்த 20,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைப் பார்த்தார்கள். கலகலப்பு, பொறுப்பு, அனுசரிப்பு, மன உறுதி எதிலும் பிறந்த வரிசைக்குப் பங்கு தெரியவில்லை. நம் பாட்டிகள் "மூத்தது மோழை, இளையது காளை" என்று நேர் எதிராக ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். பழமொழிக்கு ஆதாரம் கேட்க முடியாது. ஃபார்வர்டுக்குக் கேட்கலாம்.

இந்த மாதிரி ஒப்பீட்டில் பழைய கோளாறு ஒன்று உண்டு. அஞ்சாவது பிள்ளை எந்த வீட்டில் இருக்கும்? அஞ்சு பிள்ளை இருக்கும் வீட்டில்தான். தலைப்பிள்ளை எல்லா வீட்டிலும் இருக்கும். எல்லா மூத்தவர்களையும் ஒரு பக்கமும் எல்லா அஞ்சாவதையும் மறுபக்கமும் நிறுத்தினால், பெரிய குடும்பத்தின் நெருக்கடியைச் சின்னக் குடும்பத்தின் வசதியோடு ஒப்பிடுகிறோம். வரிசை என்ற பேரில் வருமானத்தை அளக்கிறோம். ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளைத் தங்களுக்குள் ஒப்பிடும் ஆய்வை மட்டுமே நான் கொஞ்சமாவது நம்புவேன்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இங்கே வரிசைக்குப் பங்கு உண்டு. அது வேறு வழியாக வருகிறது, கொஞ்சம் வலிக்கிற வழி. சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு அது. நம்மைவிட ஏழையான பல ஆப்பிரிக்க நாடுகளின் குழந்தைகளைவிட இந்தியக் குழந்தைகள் ஏன் குள்ளம் என்று கேட்டார்கள். பதிலைப் பாருங்கள்: தலைப்பிள்ளைகளை மட்டும் எடுத்தால் நாம் குள்ளம் இல்லை. முதல் ஆண் பிள்ளை ஆப்பிரிக்க முதல் பிள்ளையைவிட உயரமே. இரண்டாவதில் பின்தங்கத் தொடங்கி மூன்றாவதில் இன்னும் சரிகிறது. கர்ப்பகாலப் பரிசோதனை முதற்கொண்டு பின்னால் வருகிறவர்களுக்குக் குறைந்துகொண்டே போகிறது. அண்ணன் இல்லாத பெண் குழந்தைக்குப் பாதிப்பு வேறு வகை. அடுத்தது பையனாக இருக்கும் என்று வீடு கையைச் சுருக்கிக்கொள்ளும். அளவுநாடாவில் தெரிந்த அந்த சென்டிமீட்டர்களைப் பங்கிட்டுக் கொடுத்தது நஞ்சுக்கொடி இல்லை, குடும்பம்.

தலைகீழான கணக்கும் உண்டு. டயான் காஃபி, டீன் ஸ்பியர்ஸ் என்ற இருவர் பிறந்த முதல் மாதத்துச் சாவுகளை ஆராய்ந்தார்கள். இந்தியாவில் அந்த ஒரு மாதத்தைத் தாண்டுவதில் பின்னால் பிறந்தவர்களுக்கே அனுகூலம். காரணம், புது மருமகள் எலும்பும் தோலுமாக இருக்கும்போது தலைப்பிள்ளை வயிற்றில் வருகிறது. நாலு வருஷம் போய், வீட்டில் கொஞ்சம் பேச்சு வாங்கும் அதிகாரமும் உடம்பில் கொஞ்சம் எடையும் வந்தபிறகு அடுத்தது வருகிறது. முதல் பிள்ளைக்கு முழுச் சத்து என்ற கதை இங்கே அடிபட்டுப் போகிறது.

நம் பக்கத்து வழக்கத்தை யோசித்துப் பாருங்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில். வளைகாப்பு, ஏழு வகைச் சோறு, "குடத்தைத் தூக்காதே" என்று அதட்ட ஒரு அம்மா. ரெண்டாவதுக்கு? இடுப்பில் ஒன்றைச் சுமந்துகொண்டு, லிஃப்ட் ஓடாத நாளில் மூன்று மாடி ஏறி, மோட்டார் போடும் நேரத்துக்குக் காத்திருந்து, பெரிசுக்கு ஸ்கூல் டப்பா கட்டிவிட்டுத்தான் செக்கப்புக்குக் கிளம்பவேண்டும். "போன தடவை எல்லாம் நார்மல்தானே" என்று ஒரு செக்கப்பை விட்டுவிடுகிறார்கள். இரத்தசோகை போன தடவை இல்லை என்பதால் இந்தத் தடவையும் இருக்காது என்று எந்த விதியும் கிடையாது. அடுத்தடுத்து உண்டானவர்களுக்கு இரும்புச்சத்து இருப்பு குறைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அந்தச் செய்தியின் மறுபாதி, தூண்டுதல். இதில் பாதி உண்மை உண்டு. அமெரிக்காவில் பெற்றோர் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்ற கணக்கெடுப்பை வைத்து ஜோசப் பிரைஸ் என்பவர் 2008இல் பார்த்தார். ஒரே வயதில், மூத்ததுக்குக் கிடைத்த நேரம் இரண்டாவதுக்குக் கிடைத்ததைவிட நாளுக்கு 20 முதல் 30 நிமிடம் அதிகம். பெற்றோர் பாரபட்சம் காட்டியதால் இல்லை. பிள்ளைகளுக்குச் சமமாகத்தான் பிரித்தார்கள். ஆனால் பிள்ளைகள் வளர வளர மொத்த நேரமே சுருங்கிவிட்டது. இது சரிசெய்யக்கூடிய குறை. ஜமைக்காவில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை எடுத்து, அதில் சிலரின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் போய், அம்மாவோடு உட்கார்ந்து பேசவும் விளையாடவும் சொல்லிக்கொடுத்தார். இரண்டு வருஷம். பொம்மைகள் பெரும்பாலும் வீட்டில் கிடைத்ததை வைத்துச் செய்தவை. இருபது வருஷம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். எத்தனையாவது பிள்ளை என்று யாரும் கேட்கவில்லை.

நம் ஊரில் ரெண்டாவதோடு பேசுவது பெரும்பாலும் அக்காதான். அது நல்லதே. ஆனால் எட்டு வயது அக்கா பாடம் படிக்கிற நேரத்தில் தம்பியைத் தூக்கிக்கொண்டு நின்றால், கணக்கில் இரண்டு பேருக்கும் நஷ்டம். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2019-21இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு மூத்தது, ஒரு இளையது, அவ்வளவுதான். இதில் ஒன்றைப் புத்திசாலி என்று நாமே பிரித்துவிட்டால் டியூஷன் காசு எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

பிள்ளைகளின் மூளையைப் பற்றி உண்மையிலேயே கவலைப்பட நினைத்தால் இந்த வட்டாரத்தில் வேறு விஷயம் இருக்கிறது. சென்னையில் 3 முதல் 7 வயதுக் குழந்தைகள் 756 பேரின் இரத்தத்தில் ஈயத்தை அளந்த ஓர் ஆய்வு 2009இல் வந்தது. ஈயம் கூடக்கூட, கவனக்குறைவும் பதற்றமும் கூடுவதாக ஆசிரியர்களின் மதிப்பீட்டில் தெரிந்தது. எண்ணூர் விரைவுச்சாலை ஓரத்தில் இருக்கிறோம். பழைய பெயிண்ட் சுரண்டும்போது பிள்ளைகளைத் தள்ளிவையுங்கள், தரையை ஈரத்துணியால் துடையுங்கள், சாப்பிடும் முன் கை கழுவவையுங்கள்.

ஒரு கேள்வி சீட்டில் வந்திருக்கிறது: "அப்படியானால் பிறந்த குழந்தைக்கு ஹார்மோன் பரிசோதனையே தேவையில்லையா?" தேவை. முக்கியமாக, தைராய்டு. நம் நாட்டில் ஏறக்குறைய 1,000 குழந்தையில் ஒன்று போதிய தைராய்டு சுரப்பு இல்லாமல் பிறக்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பாலும் குடிக்கும். கண்டுபிடிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சி நிரந்தரமாகக் குன்றிவிடும். முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மற்ற பிள்ளைகளைப்போலவே படிக்கும், ஓடும். விலை குறைந்த மாத்திரை. தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்கலாம். டி.எஸ்.எச். என்ற அந்தப் பரிசோதனையைத் தொப்புள்கொடி இரத்தத்தில் செய்யலாம், அல்லது இரண்டு நாள் போனபின் குதிகாலில் ஒரு சொட்டு எடுத்துச் செய்யலாம். பிறந்த முதல் நாளில் குதிகாலில் எடுத்தால் இயற்கையாகவே எண் ஏறியிருக்கும், வீணாகப் பயந்துபோவீர்கள்.

நம் பிளாக்குகளில் இப்போது மூன்று பேர் முழுகாமல் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதில் இரண்டு பேருக்கு இது இரண்டாவது. டிஸ்சார்ஜ் காகிதத்தில் டி.எஸ்.எச். என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே நின்று கேளுங்கள். எண் புரியவில்லையென்றால் காகிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள். எந்த நேரத்தில் எடுத்த இரத்தம் என்று முதலில் கேட்பேன்.